ஹானோவர் மெஸ்ஸே 2026: ஸ்டால் உறுதி, ஒரு பத்திரிகையாளரையும் தெரியாது. எங்கே ஆரம்பிக்கிறது?

பம்புக்காரன்_கோவை | 5 ஜனவரி 2026

வணக்கம்ங்க. கோவையில் பம்பு, மோட்டார்களுக்கான வயர்லெஸ் அதிர்வு சென்சார் செய்கிறோம். 22 பேர் வேலை பார்க்கும் கம்பெனி. ஏப்ரல் 20 முதல் 24 வரை ஜெர்மனியில் நடக்கும் ஹானோவர் மெஸ்ஸே தொழில்துறைக் கண்காட்சியில் இந்தியா பெவிலியனில் 9 சதுர மீட்டர் ஸ்டால் உறுதியாகிவிட்டது. இன்றைக்குக் கணக்குப் போட்டால் சரியாக 15 வாரம்.

ஸ்டால், சரக்கு, விசா வேலையெல்லாம் பார்த்துக்கொள்வோம். பத்திரிகை, அனலிஸ்ட் (சந்தை ஆய்வாளர்) பக்கம்தான் சுத்தமாக இருட்டு. கேள்விகள்:

1) யாரைத் தொடர்புகொள்வது என்கிற பட்டியலை எப்படித் தயார் பண்ணுவது? ஒருவர் "1,200 ஐரோப்பியத் தொழில்துறைப் பத்திரிகையாளர் ஈமெயில்" விற்கிறேன் என்கிறார். வாங்கலாமா?
2) எப்போது, என்ன எழுதி அனுப்ப வேண்டும்?
3) கார்ட்னர் மாதிரி அனலிஸ்ட் கம்பெனிகள் எங்களைப் போன்ற சின்ன ஆட்களிடம் பேசுவார்களா? காசு கேட்பார்களா?

ஏஜென்சி வைக்கப் பட்ஜெட் இல்லைங்க. ஜெர்மன் தெரிந்த ஒருவர் வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறார், அவ்வளவுதான்.

---

வேணி_பிஆர் | 5 ஜனவரி 2026

அந்த 1,200 பேர் பட்டியலை வாங்காதீங்க. அதில் பாதி முகவரி செத்திருக்கும், மீதியில் பாதி விளம்பரப் பிரிவின் பொது முகவரியாக இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் தனிநபர் விவரங்களைப் பாதுகாக்கும் ஐரோப்பிய ஜிடிபிஆர் சட்டம். ஒருவருடைய விவரத்தை அவரிடமிருந்து வாங்காமல் வேறு இடத்தில் எடுத்திருந்தால், எங்கிருந்து எடுத்தீர்கள் என்று அவரிடம் சொல்லக் கடமை உண்டு (14-வது பிரிவு). "ஒருத்தர் வித்தாரு" என்று எழுத முடியுமா? இன்னொன்று, ஒரே நாளில் 1,200 மெயில் தள்ளினால் உங்கள் டொமைன் பெயர் கெடும். பிறகு நிஜ வாடிக்கையாளருக்குப் போகிற விலைப்புள்ளிகூட ஸ்பேமில்தான் விழும்.

உங்களுக்குத் தேவை 40 வரி. கையால் செய்தால் மூன்று நாள் வேலை. இப்படிப் போங்க:

முதலில் போன வருடக் கண்காட்சி (2025 மார்ச் 31 முதல் ஏப்ரல் 4 வரை) பற்றி யார் எழுதினார்கள் என்று தேடுங்க. ஆங்கிலத்தில் மட்டும் தேடினால் முக்கால்வாசி தவறிவிடும். ட்ஸுஷ்டாண்ட்ஸ்யூபர்வாகுங் (நிலை கண்காணிப்பு), இன்ஷ்டாண்ட்ஹால்டுங் (பராமரிப்பு) ஆகிய இரண்டு ஜெர்மன் சொற்களையும் உங்கள் ஜெர்மன்காரரை விட்டு ஜெர்மன் எழுத்திலேயே கண்காட்சிப் பெயரோடு சேர்த்துத் தேடச் சொல்லுங்க. கட்டுரையின் அடியில் எழுதியவர் பெயர் இருக்கும். அந்தப் பெயர்தான் உங்கள் முதல் வரி.

அடுத்து, போட்டிக் கம்பெனிகளின் இணையதளத்தில் "எங்களைப் பற்றி வந்த செய்திகள்" பக்கம். அவர்கள் ஐந்து வருடம் பாடுபட்டுச் சேர்த்த தொடர்புகளை அவர்களே வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள்.

மூன்றாவது இம்ப்ரெஸும். தொழில் நோக்கில் நடக்கும் ஜெர்மன் இணையதளம் எதுவானாலும் நடத்துபவர் யார் என்கிற இந்தப் பக்கத்தைச் சட்டப்படி வைத்தாக வேண்டும். பத்திரிகைகளின் இம்ப்ரெஸுமில் பல நேரம் ஆசிரியர் குழுவில் யார் எந்தத் துறை, தொலைபேசி, ஈமெயில் என்று முழுசாக இருக்கும். காசு கொடுத்து வாங்கும் எந்தப் பட்டியலைவிடவும் இது புதுசு.

நான்காவது, அதிகம் பேருக்குத் தெரியாதது: மீடியாடாட்டன். ஒவ்வொரு தொழில்துறைப் பத்திரிகையும் விளம்பரதாரர்களுக்காகப் போடும் பி.டி.எஃப். விலைப்பட்டியல் என்று நினைத்து மூடிவிடாதீங்க. உள்ளே வருடம் முழுவதற்குமான இதழ் வாரித் தலைப்புத் திட்டம் இருக்கும். ஒவ்வொரு இதழுக்கும் இரண்டு கெடு போட்டிருப்பார்கள்: ரெடாக்ட்ஸியோன்ஸ்ஷ்லுஸ் செய்திக்கு, அன்ட்ஸைகன்ஷ்லுஸ் விளம்பரத்துக்கு. பெரும்பாலும் செய்திக் கெடுதான் முன்னால் வரும். விளம்பரக் கெடுவைப் பார்த்துவிட்டு "இன்னும் நாள் இருக்கு" என்று உட்கார்ந்திருப்பதுதான் வழக்கமான தவறு. ஏப்ரல் நடுவில் வரும் அச்சிதழுக்கு மார்ச் தொடக்கத்திலேயே கதவு மூடியிருக்கும்.

40 வரியை நான் பிரித்தால்: ஜெர்மன் தொழில்துறை இதழ்கள் 12 (எம்எம் மஷீனன்மார்க்ட், கான்ஸ்ட்ருக்ட்ஸியோன்ஸ்ப்ராக்ஸிஸ், ப்ரொடுக்ட்ஸியோன், வி.டி.ஐ. நாஹ்ரிஹ்டன் போன்றவை), ஆங்கில இதழ்கள் 8 (பிரிட்டனின் டிரைவ்ஸ் அண்ட் கன்ட்ரோல்ஸ், அமெரிக்காவின் பிளான்ட் சர்வீசஸ் வகை), தனித்து எழுதுபவர்கள் 6, இந்தியத் தொழில் இதழ்களும் நாளிதழ் வணிகப் பக்கங்களும் 7, அனலிஸ்ட்டுகள் 7. தனித்து எழுதுபவரை விட்டுவிடாதீங்க, ஒரே ஆள் மூன்று இதழுக்கு எழுதுவார். நம் ஊர்ப் பத்திரிகையையும் அலட்சியம் பண்ணாதீங்க. ஜெர்மனியில் வூர்ட்ஸ்புர்க்கில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் உங்கள் கம்பெனிப் பெயரைத் தேடினால் உங்கள் சொந்தத் தளம் தவிர வேறு ஏதாவது ஒன்று கண்ணில் பட வேண்டும்.

எக்செல்லில் போட வேண்டிய கட்டங்கள்: பெயர், இதழ், எழுதும் துறை, கடைசியாக இந்தத் தலைப்பில் எழுதிய கட்டுரையும் தேதியும், மொழி, செய்திக் கெடு, முகவரி எங்கே கிடைத்தது, கடைசியாகப் பேசிய நாள், நாம் தருவதாகச் சொன்னது. "கடைசிக் கட்டுரை" கட்டம் காலியாக இருந்தால் அந்த ஆள் பட்டியலில் இருக்கவே கூடாது.

கண்காட்சி நடத்தும் டாய்ச்ச மெஸ்ஸே நிறுவனம் பிப்ரவரியில் பத்திரிகையாளர்களுக்கு ஒரு முன்னோட்ட நிகழ்ச்சி வைக்கும். அதில் இடம் இருக்கிறதா, என்ன கட்டணம் என்று உங்கள் பெவிலியன் அமைப்பாளர் மூலமாக இந்த வாரமே கேளுங்க. ஹெர்மெஸ் அவார்டு (இந்தக் கண்காட்சியின் தொழில்நுட்ப விருது) விண்ணப்பக் கெடுவையும் கூடவே பார்த்துவிடுங்க. பொங்கல் முடிந்து பார்க்கலாம் என்றால் போச்சு.

---

மெய்ப்பு | 6 ஜனவரி 2026

வேணி சொன்னதில் ஒரு திருத்தம். மேலே சொன்ன ஜெர்மன் இதழ்களில் முதல் இரண்டும் ஒரே பதிப்பகம், ஒரே ஊர். ஒரே கட்டடத்தில் இருக்கும் மூன்று பேருக்கு ஒரே மெயிலை "உங்களுக்கு மட்டும்" என்று எழுதி அனுப்பினால் மதியச் சாப்பாட்டு மேசையில் குட்டு உடைந்துவிடும். ஒரு பதிப்பகத்துக்கு ஒருவர். அவர் வேண்டாம் என்றால் மட்டும் அடுத்தவர்.

இனி என்ன எழுதுவது. கண்காட்சிக்கு முந்தைய ஐந்து வாரத்தில் ஆசிரியர் மேசைக்கு வரும் மெயில்களில் பெரும்பாலானவை ஒரே வாக்கியம்தான்: "ஏஐ அடிப்படையிலான முன்கணிப்புப் பராமரிப்பு". அதைப் பார்த்ததும் கை தானாக அழித்துவிடும். அதிர்வு சென்சாரில் எவரும் சொல்லத் தயங்குகிற மூன்று எண்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டியதை இங்கே தமிழில் தருகிறேன்:

பொருள்: சாயக்கழிவுநீர்ப் பம்புகளில் பேரிங் பழுது: __ மாதக் கள முடிவுகள்

"மதிப்புக்குரிய திருமதி/திரு ____, பம்புப் பராமரிப்பு பற்றி நீங்கள் ____ இதழில் எழுதியதில் பொய் எச்சரிக்கைதான் பெரிய தலைவலி என்று குறிப்பிட்டிருந்தீர்கள். திருப்பூர் வட்டாரத்தில் __ பம்புகளில் __ மாதம் எங்கள் சென்சாரை ஓட்டியதில், முன்கூட்டிப் பிடித்த பழுது __, பிடிக்கத் தவறியது __, பொய் எச்சரிக்கை __. தவறியவை ஏன் தவறின என்பதையும் காட்ட முடியும். பம்புகளை இயக்கும் நிறுவனத்தின் பராமரிப்பு மேலாளர் உங்களோடு பேசத் தயார். ஹானோவரில் ஹால் __, ஸ்டால் __. செவ்வாய் அல்லது புதன், 20 நிமிடம். படங்கள் இந்த இணைப்பில்."

இவ்வளவுதான். 120 சொல்லுக்கு மேல் போக வேண்டாம். தவறிய பழுதின் எண்ணிக்கையைப் போடுகிற கம்பெனி அபூர்வம், அதனாலேயே அந்த மெயில் நிற்கும். எண் பூஜ்யம் என்று எழுதினால் யாரும் நம்பப் போவதில்லை.

பத்திரிகைச் செய்தி தனி. இடைவெளி சேர்த்து 2,500 எழுத்துக்குள். "உலகின் முதல்" என்ற சொல் எங்கேயும் வரக் கூடாது, ஏனென்றால் அது உண்மையில்லை என்று வாசகர் கடிதம் வரும். ஜெர்மன், ஆங்கிலம் இரண்டிலும் வேண்டும். ஜெர்மன் வடிவத்தை இயந்திரத்தில் பெயர்த்து அப்படியே அனுப்பாதீர்கள். பகுதி நேரக்காரர் ஜெர்மன் அறிந்தாலும் "தாங்கு உருளையின் வெளிவளையம்" என்பதற்கான தொழிற்சொல் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பேரிங் கம்பெனிகளின் ஜெர்மன் கேட்டலாக்கை வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கடைசி வரியில் "வெளியிடக் கட்டணமில்லை, பிரதி ஒன்று அனுப்புக" என்பதற்கான ஜெர்மன் வழக்குத்தொடர் ஒன்று உண்டு. அதைப் போட்டால் விதிமுறை அறிந்தவர் என்று தெரியும்.

படம்: அச்சுக்கு 300 டிபிஐ. 15 செ.மீ. அகலத்துக்கே 1,772 பிக்சல் வேண்டும், முழு ஏ4 அகலத்துக்கு 2,480. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்து போனது இந்த அளவில் இருக்காது. வெள்ளைப் பின்னணியில் சென்சார் மட்டும் ஒன்று, பம்பின் மேல் பொருத்தியபடி இரண்டு, திரைக்காட்சி ஒன்று, ஆள் கையில் பிடித்தபடி ஒன்று. ஆள் கை எதற்கென்றால் அளவு தெரிய. கோப்பின் பெயரிலேயே கம்பெனி, பொருள் பெயர் இருக்கட்டும். மெயிலோடு இணைக்காதீர்கள், ஜிப் வேண்டாம், கடவுச்சொல் கேட்கும் பக்கம் வேண்டவே வேண்டாம்.

கட்டுரையை வெளியிடும் முன் காட்டுங்கள் என்று கேட்காதீர்கள். காசு கொடுத்துப் போடுவதென்றால் ஜெர்மனியில் அதன் மேல் "அன்ட்ஸைக", அதாவது விளம்பரம், என்று அச்சிட்டாக வேண்டும். இரண்டையும் ஒரே மெயிலில் கலந்தால் உங்களை நேராக விளம்பரப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

---

பம்புக்காரன்_கோவை | 6 ஜனவரி 2026

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கலைங்க, நன்றி. தவறிய பழுது எண்ணைப் போடுவதற்கு எம்.டி. ஒத்துக்கொள்வாரா என்பது வேறு போராட்டம். பத்திரிகைக்காரரும் அனலிஸ்ட்டும் எங்களோடு என்.டி.ஏ. (ரகசியம் காக்கும் ஒப்பந்தம்) போட வேண்டும் என்றும் சொல்கிறார். வாடிக்கையாளர் பெயரைச் சொல்வதிலும் தயக்கம். அப்புறம் எம்பார்கோ என்கிறார்களே, அது வைக்கணுமா?

---

ஆய்வறை | 7 ஜனவரி 2026

என்.டி.ஏ. பேச்சை எடுத்தாலே இரண்டு பக்கமும் கதவு மூடும். பத்திரிகையாளரின் தொழிலே வெளியில் சொல்வது. கார்ட்னரும் பிரீஃபிங்குக்கு, அதாவது கம்பெனி தன்னைப் பற்றி அனலிஸ்ட்டுக்கு விளக்கும் சந்திப்புக்கு, என்.டி.ஏ. போடுவதில்லை. சர்க்யூட் வரைபடம், அல்காரிதத்தின் உள்விவரம் போன்றவை ரகசியம் என்றால் அவற்றை ஸ்லைடில் வைக்காதீர்கள், விஷயம் முடிந்தது. "இது வெளியிட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஒன்றைக் காட்டுவது, காட்டாமல் இருப்பதைவிட மோசம்.

அனலிஸ்ட் பக்கத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பத்திரிகையாளருக்கு அனுப்பியதையே இவர்களுக்கும் அனுப்பும் தவறு நிறைய நடக்கிறது.

பத்திரிகையாளர் உங்களைப் பற்றி எழுதுவார் அல்லது எழுத மாட்டார். அனலிஸ்ட் உங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் போகலாம். ஆனால் ஒரு ரசாயன ஆலையின் பராமரிப்புத் தலைவர் அவரிடம் "யார் யாரைப் பார்க்கலாம்?" என்று கேட்கும்போது உங்கள் பெயரைச் சொல்லலாம். அதனால் அவருக்கு வேண்டியது செய்தியில்லை, உங்களை எந்தப் பெட்டியில் போடுவது என்கிற விவரம்.

காசு: கார்ட்னர், ஐ.டி.சி., ஃபாரஸ்டர் மூன்றிலும் பிரீஃபிங் கேட்க வாடிக்கையாளராக இருக்க வேண்டியதில்லை. இணையதளத்தில் படிவம் இருக்கிறது. வரும் அனலிஸ்ட் கேட்பார், கேள்வி கேட்பார், கருத்துச் சொல்ல மாட்டார். கருத்து வேண்டுமென்றால் அது இன்கொயரி, சந்தா கட்டியவர்களுக்கு மட்டும். "எங்கள் பொருள் எப்படி இருக்கு?" என்று பிரீஃபிங்கில் கேட்டு மௌனத்தை வாங்கிக்கொள்ளாதீர்கள். அவர் என்ன கேள்வி கேட்கிறார் என்பதை எழுதி வையுங்கள், விடை அதில் இருக்கும்.

உண்மையில் உங்கள் அளவுக்கு அந்த மூன்றைவிட நெருக்கமானவர்கள் வேறு. ஹாம்புர்க்கில் இருக்கும் ஐஓடி அனலிடிக்ஸ் ஹானோவர் ஹால்களில் ஆள் விட்டு நடந்து பார்த்து, கண்காட்சி பற்றித் தனி அறிக்கை வெளியிடுகிறது. ஏ.ஆர்.சி. அட்வைசரி குரூப் தொழிற்சாலை ஆட்டோமேஷனையே முழு நேரமாகப் பார்க்கிறது, பெங்களூருவிலும் அலுவலகம் உண்டு, இந்திய நேரத்திலேயே பேசலாம். பிரிட்டனின் இன்டராக்ட் அனாலிசிஸ் இன்னொன்று. ஒரு கம்பெனியில் "கண்டிஷன் மானிட்டரிங்" என்ற தலைப்பில் கடைசியாக அறிக்கை எழுதிய ஆளைப் பிடியுங்கள். கம்பெனிக்கு அனுப்பாதீர்கள், ஆளுக்கு அனுப்புங்கள். ஏழு பேர் போதும்.

நேரம்: பிப்ரவரி முதல் மூன்று வாரத்தில் ஆன்லைனில் பிரீஃபிங்கை முடித்துவிடுங்கள். கோரிக்கையை இந்த மாதமே போட்டால்தான் அது நடக்கும், அவர்கள் காலண்டரில் இடம் கிடைக்க மூன்று நான்கு வாரம் ஆகிவிடும். முதல் அறிமுகத்தையே ஸ்டாலில் வைத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஹால் இரைச்சலில் "உங்கள் சென்சார் அலைவரிசை என்ன?" என்பதற்கே இரண்டு முறை கத்த வேண்டியிருக்கும். ஆன்லைனில் 30 நிமிடம் பேசியவர் ஸ்டாலில் 10 நிமிடம் நின்று பொருளைத் தொட்டுப் பார்ப்பார், அது போதும்.

12 ஸ்லைடு. கம்பெனி வரலாறு ஒன்றுக்கு மேல் போகக் கூடாது, நிறுவனர் படமும் விளக்கேற்றிய படமும் வேண்டாம். அவர் நிச்சயம் கேட்கப் போகிறவை:

இயந்திர அதிர்வுக்கான தரநிலை ஐஎஸ்ஓ 20816 சொல்லும் அதிர்வு வேகம் மட்டும் அளக்கிறீர்களா, அதாவது 10 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரையா, அல்லது அதற்கு மேல் முடுக்கமும் பார்க்கிறீர்களா? பேரிங் பழுதின் முதல் அறிகுறி உயர் அலைவரிசையில் வரும். 1,000 ஹெர்ட்ஸோடு நிற்கும் சென்சார், பழுது முற்றிய பிறகுதான் பேசும்.

பேட்டரி ஐந்து வருடம் என்றால் எத்தனை நிமிடத்துக்கு ஒரு அளவீடு? மணிக்கு ஒரு தொகுப்பு எண் அனுப்புவதும், முழு அலைவடிவத்தை அனுப்புவதும் ஒன்றில்லை. இந்த இடத்தில் மழுப்பினால் அத்தோடு நம்பிக்கை போய்விடும்.

எத்தனை வாடிக்கையாளர், எத்தனை சென்சார் ஓடுகிறது, அதில் காசு கட்டியது எத்தனை, சோதனைக்குக் கொடுத்தது எத்தனை?

ஐரோப்பாவில் ஒரு சென்சார் இரவு 11 மணிக்கு நின்றுபோனால் யார் போனை எடுப்பார்?

கடைசியாக, ஐரோப்பியச் சட்டம். ரேடியோ உபகரணங்களுக்கான இணையப் பாதுகாப்பு விதிகள் 2025 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ளன. சாதனங்கள் தரும் தரவை யார் பயன்படுத்தலாம் என்று சொல்லும் டேட்டா ஆக்ட் 2025 செப்டம்பர் 12 முதல். டிஜிட்டல் பொருட்களின் இணையப் பாதுகாப்புக்கான சைபர் ரெசிலியன்ஸ் ஆக்ட்டில் பாதுகாப்புக் குறைகளைத் தெரிவிக்கும் கடமை 2026 செப்டம்பர் 11-இல் தொடங்குகிறது, முழுச் சட்டம் 2027 டிசம்பர் 11-இல். இந்த நான்கு தேதிக்கும் தலா ஒரு வரிப் பதில் தயாராக இருக்கட்டும். இந்த வருடம் இதைக் கேட்காத ஐரோப்பியப் பத்திரிகையாளரும் குறைவுதான்.

அனலிஸ்ட் பெயரையோ அவர் சொன்னதையோ அவர் நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் பத்திரிகைச் செய்தியில் போடக் கூடாது. "கார்ட்னரிடம் பிரீஃபிங் கொடுத்த கம்பெனி" என்று லிங்க்டுஇன்னில் பீற்றிக்கொள்வதும் அதே கணக்கு.

ஒரு எச்சரிக்கை. கண்காட்சிப் பட்டியலில் பெயர் ஏறியதும் "உங்களை டாப் 10 நிறுவனமாகத் தேர்ந்தெடுத்துள்ளோம்" என்று மெயில் வர ஆரம்பிக்கும். கடைசிப் பத்தியில் மறுபதிப்பு உரிமைக்குச் சில ஆயிரம் டாலர் என்றிருக்கும். அது அனலிஸ்ட் இல்லை, கடை. "உங்கள் விவரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு அனுப்பவும்" என்று ஒரு படிவமும் வரும். பொடி எழுத்தில் மூன்று வருட விளம்பர ஒப்பந்தம் இருக்கும். "பார்வையாளர் பட்டியல் விற்பனைக்கு" என்பதும் இந்தக் கூட்டம்தான்.

---

வேணி_பிஆர் | 7 ஜனவரி 2026

வாடிக்கையாளர் பெயர் பற்றி: கம்பெனிப் பெயர் சொல்ல ஒப்பவில்லை என்றால் "திருப்பூர் அருகே பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று" என்று போடலாம். ஆனால் அங்கிருந்து ஒரு ஆள் பத்திரிகையாளரிடம் நேரடியாகப் பேச வேண்டும். அனுமதியை எழுத்தில் வாங்குங்க: பெயர், படம், எண்கள், மேற்கோள் என்று நான்கையும் தனித்தனியாகக் கேட்டு. வாயால் "சரிங்க" என்று சொன்ன மேலாளர் அச்சில் வந்ததும் அவர் எம்.டி.க்குப் பயந்து மறுப்பார். இதற்கு ஆறு வாரம் ஒதுக்குங்க, அதனால் கடிதம் இந்த வாரமே போகணும்.

எம்பார்கோ வைக்கலாம், மூன்று பேருக்கு மட்டும். முதலில் "இந்தத் தேதிவரை வெளியிடாமல் வைத்திருக்கச் சம்மதமா?" என்று கேட்டு, சம்மதம் வந்த பிறகுதான் விவரம் போகணும். தலைப்பில் எம்பார்கோ என்று போட்டு 40 பேருக்கு அனுப்பிவிட்டால் அது யாரையும் கட்டாது.

---

மெய்ப்பு | 7 ஜனவரி 2026

உங்கள் அளவுக்கு எம்பார்கோ தேவையில்லை என்பது என் கருத்து. பங்குச்சந்தையை அசைக்கும் செய்திக்கு அது சரி. சின்னக் கம்பெனிச் செய்தியை ஆசிரியர் இடம் கிடைக்கும்போது போடுவார். நீங்கள் பூட்டுப் போட்டால் இடம் இருந்த அன்று போட முடியாமல் போகும்.

---

ரைன்கரை_செல்வன் | 8 ஜனவரி 2026

எம்பார்கோவில் நான் மெய்ப்பு பக்கம். தேதிக் கணக்கை யாரும் சொல்லவில்லை, அதைச் சொல்கிறேன்.

ஈஸ்டர் ஏப்ரல் 5. வெள்ளி 3-ம் தேதியும் திங்கள் 6-ம் தேதியும் ஜெர்மனி முழுக்க விடுமுறை. அதையொட்டி நிறையப் பேர் ஒரு வாரம் இரண்டு வாரம் லீவு போட்டுவிடுவார்கள். ஆகவே சந்திப்புக் கேட்கும் மெயில் மார்ச் 10 முதல் 20-க்குள் போய்விட வேண்டும். ஏப்ரல் 1-ம் தேதி அனுப்பினால், 7-ம் தேதி ஆபீஸ் வந்து 400 மெயிலில் ஒன்றாக உங்களைப் பார்ப்பார்கள். நினைவூட்டல் ஏப்ரல் 9 அல்லது 10. அதில் புதிதாக ஒன்றும் வேண்டாம்: ஹால், ஸ்டால் எண், நேரம், உங்கள் கைபேசி எண்.

மார்ச் 29 ஞாயிறு அதிகாலை ஐரோப்பாவில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும். அதுவரை இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், பிறகு மூன்றரை. அங்கே காலை 11 மணி என்றால் மார்ச்சில் நமக்கு 3.30, ஏப்ரலில் 2.30. போன் பேசக் குறித்த நேரம் இதில்தான் தப்பும். காலண்டர் அழைப்பை ஜெர்மன் நேர மண்டலத்திலேயே உருவாக்குங்கள். போன் செய்ய நல்ல நேரம் அவர்களின் காலை 10 முதல் 11.30. வெள்ளி மதியம் கூப்பிடாதீர்கள்.

பத்திரிகைச் செய்தியைக் கண்காட்சித் திங்களன்று வெளியிடாதீர்கள், அன்று சீமென்ஸ் மாதிரிப் பெரிய தலைகளின் அறிவிப்புகளில் முங்கிவிடும். முந்தைய வாரம் செவ்வாய், ஏப்ரல் 14 நல்ல நாள். ஆனால் அன்றைக்குச் சித்திரை 1, உங்கள் ஆபீஸ் பூட்டியிருக்கும். ஜெர்மனியில் காலை 9 என்றால் நமக்கு மதியம் 12.30, வடை பாயச நேரம். ஆசிரியர் ஒரு விவரம் கேட்டுக் கூப்பிட்டால் எடுக்க ஒருவர் வேண்டும், இல்லையென்றால் 15-ம் தேதி வையுங்கள்.

கண்காட்சி வாரத்தில்: ஞாயிறு மாலை தொடக்க விழா, திங்கள் காலை சான்சலர் ஹால்களைச் சுற்றி வருவது வழக்கம். நாளிதழும் டிவியும் அவர் பின்னால் ஓடும், சில பாதைகளை மறிப்பார்கள். திங்கள் காலைச் சந்திப்பு வைக்காதீர்கள். வி.டி.எம்.ஏ. (இயந்திரத் துறை), ட்ஸட்.வி.இ.ஐ. (மின், மின்னணுத் துறை) சங்கங்களின் பத்திரிகையாளர் கூட்ட நேரம் வெளியானதும் அவற்றையும் விலக்குங்கள். வெள்ளி மதியத்துக்குப் பிறகு ஆளே இருக்காது. மிச்சம் செவ்வாய், புதன், வியாழன். 20 நிமிடச் சந்திப்பு, நடுவில் 25 நிமிட இடைவெளி. ஒரு ஓரத்து ஹாலிலிருந்து மறு ஓரத்துக்கு நடக்க 20 நிமிடம் ஆகும், முந்தைய ஸ்டாலில் அவரை யாராவது பிடித்து வைத்திருப்பார்கள்.

முதல் தடவையில் ஆறு பத்திரிகையாளர், மூன்று அனலிஸ்ட் வந்தாலே நல்ல கணக்கு.

---

பம்புக்காரன்_கோவை | 9 ஜனவரி 2026

சித்திரை 1 யாருக்கும் தோணியிருக்காதுங்க! எம்.டி.யிடம் பேசிவிட்டேன், தவறிய பழுது எண்ணைப் போடலாம், "ஏன் தவறியது" என்பதும் கூடவே வர வேண்டும் என்கிறார். கடைசியாக ஒன்று. 9 சதுர மீட்டரில் ஸ்டாலில் வைத்துப் பேட்டி கொடுக்க முடியுமா? டெமோ என்ன வைப்பது?

---

ரைன்கரை_செல்வன் | 9 ஜனவரி 2026

பேசுவதற்கு இடம் போதாது, காட்டுவதற்குப் போதும். ஸ்டாலில் 10 நிமிடம் டெமோ, பிறகு அருகில் காபி கிடைக்கும் இடத்துக்குக் கூட்டிப் போங்கள். ஒருவர் பத்திரிகையாளரோடு போனால் ஸ்டாலில் இன்னொருவர் நிற்க வேண்டும். ஆக, குறைந்தது மூன்று பேர்.

டெமோவுக்குச் சின்ன மோட்டாரும் இரண்டு பேரிங் பிளாக்கும் போதும், ஒன்று நல்லது, ஒன்றில் வெளிவளையத்தில் வேண்டுமென்றே கீறியது. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், பிளக் மட்டும் வேறு. மோட்டாரைப் பலகையில் நேராகத் திருகிப் பொருத்தாமல் கனத்த இரும்புத் தகட்டில் பொருத்துங்கள். பக்கத்து ஸ்டால் ஸ்பீக்கரும் மேடை மரத் தளமும் சேர்ந்து உங்கள் "நல்ல" பேரிங்கையும் கெட்டதாகக் காட்டும்.

முக்கியமானது ரேடியோ. ஹால் முழுக்க ஆயிரக்கணக்கான வைஃபை, ப்ளூடூத். 2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசலில் கோவையில் ஓடிய டெமோ அங்கே ஓடாது. லோராவான் (தொலைதூரத்துக்கான குறைந்த மின்சார ரேடியோ இணைப்பு) என்றால் நம் ஊர் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அமைப்போடு போகாதீர்கள், ஐரோப்பிய 868-க்கு மாற்றிய பெட்டி வேண்டும். எதற்கும் கேட்வே (சென்சார் தகவலை வாங்கும் பெட்டி) பக்கத்திலேயே கம்பியில் இணைத்த இன்னொரு சென்சார் தயாராக இருக்கட்டும். ஐரோப்பிய விதிகளுக்குப் பொருந்துகிறது என்று காட்டும் சி.இ. குறி இன்னும் வரவில்லையென்றால், அதைச் சொல்லும் பலகையைப் பார்வையில் படும்படி வைத்துக் காட்சிக்கு வைக்கலாம், பிற சாதனங்களுக்கு இடைஞ்சல் வராதபடி ஓட்டுவது உங்கள் பொறுப்பு. ஆனால் அந்தப் பெட்டியைப் பத்திரிகையாளர் கையில் "சோதித்துப் பாருங்கள்" என்று கொடுத்து அனுப்பாதீர்கள்.

---

வேணி_பிஆர் | 9 ஜனவரி 2026

சந்திப்பு முடிந்த அன்றைக்கு இரவே, ஓட்டலுக்குப் போனதும், கேட்டதை அனுப்பிவிடுங்க. அவர் கேட்டது அலைவடிவப் படம் என்றால் அதை மட்டும், கேட்டலாக்கைச் சேர்த்து அனுப்பாதீங்க. எக்செல்லில் "தருவதாகச் சொன்னது" கட்டம் அதற்குத்தான். அவருடைய விசிட்டிங் கார்டு சேல்ஸ் ஆட்கள் கையில் போய் மாதாந்தர நியூஸ்லெட்டரில் ஏறிவிடக் கூடாது. ஜெர்மனியில் சம்மதமில்லாத விளம்பர மெயில் நிறுவனங்களுக்கு இடையிலும் தடை, பத்திரிகைக்காரருக்கு அனுப்பினால் அவர் புகார் கொடுக்கத் தயங்கமாட்டார். பேட்ஜ் ஸ்கேன் பண்ணும் ஆப்பில் "பத்திரிகை" என்று தனி டேக் வையுங்க.

எழுதினாரா என்று தினமும் கேட்காதீங்க. மே 11 வாரத்தில் ஒரு முறை, ஜெர்மன்காரரை விட்டு, அச்சில் வந்திருந்தால் பிரதி கேட்டு எழுதுங்க. அனலிஸ்ட்டுகளுக்கு ஜூனில், புதிய சென்சார் எண்ணிக்கையை மட்டும் மாற்றி அதே 12 ஸ்லைடு.